நூறு ரூபாய் எடுத்தால் வருவார்

நேற்று எங்கள் சந்து முனையில் இருந்த ஏடிஎம்மைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நாலு பேர் வந்தார்கள். பீரோ தூக்குகிற மாதிரி பெல்ட் போட்டுக் கட்டி, சாய்த்து, லாரியில் ஏற்றினார்கள். கண்ணாடிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருந்த குளிர் கொஞ்ச நேரம் தெருவுக்கு வந்தது. அப்புறம் அதுவும் தீர்ந்துவிட்டது.

நான் மாவு வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலைக் கடைப் பெண் என்னைச் சித்தி முறை வைத்து மாசி என்பாள். கேட்டாள்: "என்ன மாசி, உள்ள பணம் ஏதும் மாட்டிக்கிச்சா?"

"பணம் இல்ல" என்றேன்.

அந்த அறைக்கு ஒரு வாசனை உண்டு. ஊதுபத்தி, ஈரத் துண்டு, நாய். மூன்றும் ஏசிக் காற்றில் கலந்து வரும். காவலுக்கு இருந்த பிகார்க்காரர் காலையில் மிஷினுக்கு ஊதுபத்தி காட்டுவார். குளித்துவிட்டு வந்து துண்டை ஏசிக்குக் கீழே காயப் போடுவார். பழுப்பு நாய் ஒன்று வெயில் காலம் முழுக்க உள்ளே படுத்திருக்கும். பணம் எடுக்க வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் எழுப்ப மாட்டார்கள். இந்த ஊரில் தூங்குகிற உயிருக்கு அவ்வளவு மரியாதை. பாதிப் பேர் பணம் எடுக்கவே வர மாட்டார்கள். கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு எதையோ யோசிக்கிற மாதிரி நிற்பார்கள். வேர்வை அடங்கியதும் போய்விடுவார்கள்.

நான் குளிருக்காகப் போனதில்லை. பணத்துக்காகப் போனதும் குறைவு. என் வீட்டுக்காரரை வரவழைக்கப் போவேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எனக்கு நீட்டிப் பேச வராது. பள்ளிக்கூடமும் ஐந்தாவதோடு சரி. எழுதினால் கொஞ்சம் நீளும் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து கல்யாணம் ஆகி வங்காளத்தில் இந்தக் கிடர்பூருக்கு வந்தேன். அவர் அப்பா காலத்திலேயே இங்கே துறைமுக வேலை. அவருக்கும் அதே இடத்தில் வின்ச் ஓட்டுகிற வேலை கிடைத்தது. வின்ச் என்றால் கப்பல் மேலேயே நின்று சரக்கு தூக்கி இறக்குகிற யந்திரம். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். அதற்கு மேலே கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல்தான். சாப்பிடும்போது உப்பு கேட்டால் மூன்றாம் மாடியில் யாராவது உப்பு எடுப்பார்கள். நான் பேசுவது குறைவு. இரண்டு பேரும் கத்தினால் குவார்ட்டர்ஸ் கட்டடம் பழசு, தாங்காது.

மாவு விற்க ஆரம்பித்தது மிட்டு பௌதியால். பௌதி என்றால் இங்கே அண்ணி. வயது பார்க்காமல் கல்யாணம் ஆன பெண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவோம். மேல் மாடியில் இருந்தாள். ஒரு நாள் என் வீட்டில் இட்லி சாப்பிட்டாள். மறுநாள் கிண்ணத்தோடு வந்து மாவு கேட்டாள். அதற்கு மறுநாள் கிண்ணத்தோடு காசும் கொண்டு வந்தாள். நான் வேண்டாம் என்றேன். "இலவசமா குடுத்தா நான் எப்படித் தினமும் கேக்கறது?" என்றாள். அது எனக்கு நியாயமாகப் பட்டது. கொஞ்ச நாளில் குவார்ட்டர்ஸ் முழுக்க என் மாவுதான். பிறகு கார்டன் ரீச் பக்கம் இரண்டு வீடு. பஸ்ஸில் வாளியோடு போவேன். கண்டக்டர் வாளிக்கும் டிக்கெட் கேட்பார். வாளி உட்காரவில்லையே என்பேன். அது நின்றாலும் டிக்கெட் உண்டு என்பார்.

மிட்டு பௌதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் புருஷன் கஸ்டம்ஸில் வேலை. சம்பளக் கார்டு இவள் கைப்பையில் இருக்கும். அவர் காலையில் பஸ்ஸுக்கும் சிகரெட்டுக்கும் இவளிடம்தான் காசு வாங்குவார். குளித்து, ஷேவ் பண்ணி, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். தெருவில் அவரைப் பார்த்தால் பளிச்சென்று இருப்பார்.

அவள்தான் என்னை வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏடிஎம்முக்கு அடுத்த கட்டடம். என் பெயரில் மட்டும் கணக்கு. போட்டோ, கையெழுத்து எல்லாம் ஆயிற்று. போன் நம்பர் கேட்டார்கள். என்னிடம் போன் கிடையாது. கூட வந்த என் வீட்டுக்காரர் தன் நம்பரைச் சொன்னார். சத்தமாகச் சொன்னார். வங்கியே எழுதிக்கொண்டது. அது பெரிய விஷயம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. பௌதிக்குக்கூடத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதை அவள் பின்னால் ஒத்துக்கொள்ளவே இல்லை.

இப்போது டாலி பாபுவைச் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற குமாஸ்தாவை இங்கே அப்படிச் சொல்வார்கள். பெயர் சமீர். என் வீட்டுக்காரர் சமீர்தா என்பார், தா, தாதா என்றால் இங்கே அண்ணன். அவர் இவரை மாரிதா என்பார். மாரியப்பன் என்று முழுசாகச் சொல்ல இங்கே யாருக்கும் நேரம் இல்லை. வின்ச்சில் இருக்கும்போது போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. அதனால் அந்த கேங்கில் இருந்த எல்லார் போனும் சமீர் பாபுவின் பிஸ்கட் டின்னில் கிடக்கும். அவர் கொள்கை உள்ள மனிதர். அடுத்தவர் போன் அடித்தால் எடுக்க மாட்டார். அது தப்பு. அடுத்தவருக்கு வந்த மெசேஜைப் படிப்பது தப்பில்லை. சத்தமாகப் படிப்பார். அங்கே இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தெரிந்ததை மறைக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

நான் மாவுக் காசை வங்கியில் போட்டால் இவர் போனுக்கு மெசேஜ் போகும். எவ்வளவு போட்டேன், மீதி எவ்வளவு என்று இரண்டும் இருக்கும். டீ நேரத்தில் சமீர் பாபு அதை வாசிப்பார். ஆகாசவாணிச் செய்தி மாதிரி. கேங் முழுக்கக் கேட்கும்.

அந்த வருஷம் உலகக் கோப்பைக் கால்பந்து வரப் போகிறது. அது வந்தால் இந்த ஊரில் சந்துக்குச் சந்து அந்நிய நாட்டுக் கொடிகள் தொங்கும். பாதி பிரேசில், பாதி அர்ஜென்டினா. என் வீட்டுக்காரர் அர்ஜென்டினா. ஏன் என்று கேட்டால், "சமீர்தா அர்ஜென்டினா" என்பார். அவ்வளவுதான் காரணம். எங்கள் வீட்டில் இருந்த டிவி சின்னது. அதில் பந்து தெரியாது, ஆட்கள் ஓடுவது மட்டும் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தார். வாசலிலேயே கத்தினார்.

"ஏளா, முப்பத்திரெண்டு ஆயிட்டு!"

"எது?"

"டிவி!"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரிய டிவி வாங்குகிறோம், நம் வீட்டில் வந்து எல்லாரும் பாருங்கள் என்று கேங்குக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். சமீர் பாபு கடையில் போய் எந்த அளவு என்ன விலை என்று கேட்டு மனசில் வைத்திருந்தார். என் மீதியைப் படிப்பார். படித்துவிட்டு எத்தனை இஞ்ச் என்று சொல்வார். கேங் கை தட்டும். நான் உளுந்து ஊறப் போடுவேன், அங்கே டிவி கொஞ்சம் வளரும். ஒரு மழை வாரத்தில் மாவு சரியாகப் போகவில்லை. "என்ன பௌதி, ஒரு வாரமா அப்படியே நிக்குதே, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று சமீர் பாபு ஆள் விட்டு விசாரித்தார். நல்ல மனிதர்.

நூறு ரூபாய் விஷயம் இந்த டிவி கணக்கு எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. எங்கள் மகள் அப்போது சின்னப் பிள்ளை. ஒரு நாள் மத்தியானம் அவளுக்கு நல்ல காய்ச்சல். இவருக்குப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அடித்தேன். டின்னுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. சமீர் பாபுதான் எடுக்க மாட்டாரே. கையில் ஆட்டோவுக்குக் காசு இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏடிஎம்முக்குப் போனேன். நாயைத் தாண்டினேன். நூறு எடுத்தேன். அதுவரை அந்தக் கணக்கிலிருந்து நான் ஒரு பைசா எடுத்ததில்லை, போட்டுத்தான் பழக்கம்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கிறேன். தூரத்தில் ஒருவர் ஓடி வருகிறார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் கையுறை. கைவண்டிக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து வருகிறார். என் வீட்டுக்காரர்.

"கார்ட எவன் எடுத்தான்?"

"நாந்தான்."

"நீயா? எதுக்கு?"

"பிள்ளைக்குக் காய்ச்சல்."

அவ்வளவுதான், பிள்ளையை வாங்கிக்கொண்டு டாக்டர் வீட்டுப் பக்கம் ஓடினார். நான் நூறு ரூபாயோடு நின்றேன்.

நடந்தது என்னவென்றால், மெசேஜ் வந்ததும் சமீர் பாபு கப்பலைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். "ஓ மாரிதா! டாகா கேலோ!" பணம் போச்சு என்று அர்த்தம். டிவி சுருங்குகிறது. கேங்கே பதறிவிட்டது. வின்ச்சுக்கு இரண்டு பேர் உண்டு, ஒருவர் ஓட்டும்போது ஒருவர் சும்மா இருப்பார். டின்னிலிருந்து போனை எடுத்துக்கொண்டு இவர் ஓட, மற்றவர் வின்ச்சில் ஏறிக்கொண்டார்.

எனக்கு ஒன்று புரிந்தது. போன் பண்ணினால் வர மாட்டார். நூறு எடுத்தால் வருவார்.

பிறகு காஸ் சிலிண்டர் கசிந்தபோது நூறு எடுத்தேன். வந்தார். பூட்டிய வீட்டுக்குள் சாவி மாட்டிக்கொண்டபோது எடுத்தேன். வந்தார். காவல்காரருக்கும் பழகிவிட்டது. நான் பணம் எடுத்தால் ஸ்டூலை வாசலில் போட்டுவிட்டு, "பாய் சாப் வர்ற நேரம்" என்று பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வைப்பார். துறைமுக கேட்டில் இருந்தவர் இவர் ஓடுவதைப் பார்த்தால் பாஸ் கேட்க மாட்டார், "ஏடிஎம்மா?" என்று மட்டும் கேட்பார். எடுத்த நூறை மறுநாள் திரும்பப் போட்டுவிடுவேன். சமீர் பாபு அதையும் வாசிப்பார். கேங் மூச்சு விடும்.

ஒரு தடவை சும்மாவும் எடுத்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. தொப்பலாக நனைந்து வந்தார். "என்ன ஆச்சு?" என்றார். "டீ போட்டேன்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். குடித்துவிட்டுப் போனார்.

இப்படி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிரைண்டர் வந்துதான் கெடுத்தது.

பாலிகஞ்சில் ஒரு மதுரைக்காரர் மெஸ் நடத்தினார். ஐடி வேலைக்கு வந்த நம்ம ஊர்ப் பையன்கள் எல்லாம் அங்கேதான் சாப்பாடு. அவர் மெஸ்ஸை மூடிவிட்டு ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தது. சாய்த்துக் கொட்டுகிற பெரிய கிரைண்டர் ஒன்று வைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். கல் நல்ல கல். "சனிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன் தங்கச்சி. அதுக்கு மேல பழைய இரும்புக்காரன்தான்" என்றார். கிரைண்டரை வாங்கினால் பையன்களுக்கும் இனி என் மாவுதான் என்று எழுதாத பேச்சு. என்னிடம் இருந்தது மேஜையில் வைக்கிற சின்ன கிரைண்டர். அது மூன்றாவது ஈடு ஓடும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வரும். அதை நிறுத்தி, விசிறி, மறுபடி ஓட்டுவேன். கணக்கில் இருந்த பணம் கிரைண்டருக்குச் சரியாக இருந்தது. டிவிக்கும் சரியாக இருந்தது. அப்போது அது நாற்பத்து மூன்று இஞ்ச்.

வீட்டில் சொன்னேன்.

"இருக்க கிரைண்டரு போதும்ளா. நல்லாத்தான் அரையுது" என்றார்.

அரைக்கிறது நான்.

"கருகுது" என்றேன்.

"ஆட்டம் தொடங்கப் போகுது. சமீர்தா டிவியப் பாத்து வச்சாச்சு. கேங்குல எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. இனி எப்படி மாத்திச் சொல்ல?"

நான் மறுபடி கேட்கவில்லை. இரண்டு தடவை கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மாடிக்குப் போய்ப் பௌதியிடம் சொன்னேன். அவள் இந்தியும் வங்காளமும் கலந்து பேசுவாள். நான் தமிழில் போடுகிறேன்.

"போய் எடு. உன் பணம்தானே?"

"எடுத்தா மெசேஜ் போகும். ஓடி வருவார். தெருவுல வச்சுச் சண்டை."

"சண்டை போடு. நான் கூட நிக்கறேன்."

"இன்னிக்கு நிப்ப. நாளைக்குப் போடற பணமும் அங்கதான் இஞ்ச் ஆகும்."

அவள் யோசித்தாள். அப்போதுதான் நம்பரை மாற்றுவது என்று வந்தது. அதற்குள் நான் ஒரு பட்டன் போன் வாங்கியிருந்தேன், அந்த நம்பரைக் கணக்கில் போட்டால் மெசேஜ் எனக்கு வரும். வங்கிக்குப் போய்க் கேட்டோம். அங்கே ஒரு மேடம். மாற்றலாம், சுலபம் என்றார். பழைய நம்பருக்கு ஒரு கோட் போகும். ஐந்து நிமிஷத்துக்குள் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் மாறிவிடும்.

பழைய நம்பர் அவருடையது. அவரிடமிருந்து கணக்கைப் பிரிக்க அவர் போனில் வருகிற கோட் வேண்டும்.

"ராத்திரி தூங்கும்போது போனை எடு" என்றாள் பௌதி.

"ராத்திரி பேங்க் பூட்டு."

"ஞாயிற்றுக்கிழமை?"

"பேங்க் பூட்டு."

"பந்த் அன்னிக்கு வீட்டுல இருப்பானே."

"பேங்க்கும் பந்த்."

வங்கி திறந்திருக்கிற நேரத்தில் போன் பிஸ்கட் டின்னில். போன் வீட்டில் இருக்கிற நேரத்தில் வங்கி பூட்டு. பௌதி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "பால்ல ஏதாச்சும் கலந்து குடு. வயித்தக் கலக்கட்டும். லீவு போட்டுட்டு வீட்டுல கிடப்பான்."

"வேண்டாம். பாத்ரூம் கழுவறது நான்."

வெள்ளிக்கிழமை. மறுநாள் இரும்புக்காரன் வந்துவிடுவான். மாவை மூடி வைத்துவிட்டுப் புடவை மாற்றினேன். பௌதி மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். கைப்பையோடு இறங்கி வந்தாள்.

"எங்க?"

"பேங்க்."

"கோடுக்கு என்ன செய்வ?"

"வரவழைக்கிறேன்."

ஏடிஎம்முக்குப் போனேன். நாயைத் தாண்டினேன். நூறு எடுத்தேன். காவல்காரர் ஸ்டூலைத் தூக்கினார். "வந்தா பேங்க்குக்கு அனுப்புங்க" என்றேன். அவருக்கு என்னவோ புரிந்தது. ஸ்டூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

வங்கியில் மேடம் முன்னால் உட்கார்ந்தோம். அவர் கோட் அனுப்பிவிட்டார். நான் கதவைப் பார்த்தேன். வரவில்லை. எப்போதும் வருகிற நேரத்துக்கு வரவில்லை. ஐந்து நிமிஷம் ஓடிவிட்டது. கோட் செத்துப்போயிற்று. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். டிபன் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். வங்கியில் அதை வைத்தால் கேட் மூடுகிற மாதிரி.

"பாலத்தத் தூக்கியிருப்பாங்க" என்றாள் பௌதி. இந்தப் பக்கம் கப்பல் உள்ளே வந்தால் ரோட்டுப் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள். கப்பல் தாண்டும்வரை பஸ், லாரி, மனிதர் எல்லாம் நிற்க வேண்டியதுதான். அவரும் அங்கே நின்றிருக்கிறார். நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார் என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கடைசியில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வங்கிக்குள் மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்துப் பென்ஷன் வாங்க வந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், ஏதோ இடிந்து விழப் போகிறது என்று.

"யாருக்கு என்ன? பிள்ள எங்க?"

"ஸ்கூல்ல. யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்கு எடுத்த?"

"இந்தக் கணக்குல உங்க நம்பர எடுத்துட்டு என் நம்பரப் போடுதேன். உங்க போனுக்கு ஒரு கோட் வரும். அதச் சொல்லணும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மூச்சுச் சத்தம்தான் வங்கி முழுக்க.

"எதுக்கு?"

"எம் மாவு. எங் காசு. எனக்கு வரட்டும்."

"டிவி?"

"கிரைண்டர்."

பௌதி இடையில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

"சமீர்தாட்ட நான் என்னன்னு சொல்ல?" என்றார்.

"கிரைண்டர்னு சொல்லுங்க."

மேடம் மறுபடி கோட் அனுப்பினார். அவர் கையில் இருந்த போன் கினிங் என்றது. எல்லாரும் அந்தப் போனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் அதை மூடி ஜோப்பில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். போனால் நான் ஒன்றும் செய்ய முடியாது. கிரைண்டர் இரும்புக்காரனுக்கு. நான் நாற்பத்து மூன்று இஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்து பிளாஸ்டிக் வாசனை பிடித்துக்கொண்டு அரைக்க வேண்டியதுதான்.

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார். முதல் தடவையாக மெதுவாகக் கேட்டார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அப்போ நீ நூறு எடுத்தா எனக்கு எப்படித் தெரியும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. டிவியைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருந்தேன்.

"போன் பண்ணுதேன்" என்றேன்.

"வின்ச்சுல போன் எடுக்க முடியாதே."

"எடுங்க."

"சமீர்தா டின்னு..."

"டின்னுல போடாதீங்க."

மேடம், "தாதா, நேரம் போகுது" என்றார். ஸ்பூனைக் கையில் எடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். எழுத்துத்தான் படிக்க வராது, நம்பர் நன்றாக வரும். வாசித்தார். வின்ச் குரல் திரும்ப வந்துவிட்டது. ஒவ்வொரு நம்பரையும் கப்பலின் அடித்தட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். பென்ஷன்காரர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். நடுவில் ஒன்றைத் தப்பாகச் சொன்னார். இன்னொருவர் திருத்தினார். வாசல் காவலாளியும் திருத்தினார்.

"இத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குமே" என்றார் மேடம், அடித்துக்கொண்டே.

என் கையில் இருந்த பட்டன் போன் கினிங் என்றது.

மறுநாள் சைக்கிள் வேனில் கிரைண்டர் வந்தது. பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர்தான். படியில் ஏற்ற ஆள் போதவில்லை. கேங் வந்தது. தங்கள் டிவியைத் தாங்களே தூக்கிக் கொடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தூக்கினார்கள். சமீர் பாபு கல்லைத் தட்டிப் பார்த்தார். "இது எத்தனை இஞ்ச், பௌதி?" என்று கேட்டார்.

ஆட்டங்களைப் பழைய டிவியில்தான் பார்த்தார்கள். எல்லாரும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். பந்து தெரியவில்லை, ஆளைப் பார்த்துக் கத்தினார்கள். புது கிரைண்டர் மாவில் தோசை போட்டேன். காசு வாங்கினேன். சமீர் பாபு கொடுத்தார். என் வீட்டுக்காரர், "எங்கிட்டயுமாளா?" என்றார். அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார். அர்ஜென்டினா தோற்றது. அன்றைக்கு மட்டும் யாரிடமும் வாங்கவில்லை. துக்க வீட்டில் எப்படிக் கேட்பது?

வங்கியில் நடந்தது குவார்ட்டர்ஸில் பரவிவிட்டது. பிறகு ஒவ்வொரு பெண்ணாகப் போனார்கள். புருஷன்மார் வந்து நின்று நம்பர் வாசித்தார்கள். தெலுங்குக்காரர் மெதுவாக வாசித்தார். ஒடியாக்காரர் வாசிக்க மாட்டேன் என்று போனார், சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகு மனசு மாறி மறுநாள் வந்து வாசித்தார். கூட்டிக்கொண்டு போனது மிட்டு பௌதி. முதலில் சொன்னதே தான்தான் என்று இன்றைக்கும் சொல்வாள். சொல்லிக்கொள்ளட்டும்.

அவர் போனைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான் அடித்தால் வின்ச்சில் இருந்தாலும் எடுப்பார். "சொல்லு" என்பார். நான் சொல்வேன். மேஸ்திரி ஒரு தடவை பிடித்து மேலே புகார் எழுதிக் கொடுத்தார். "வீட்டுல இருந்து வந்த போன். எடுக்காட்டி அது தப்பு" என்று இவர் சொன்னாராம். சமீர் பாபுவின் கொள்கையைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

ஆனால் போன் எடுக்க ஆரம்பித்த பிறகு ஓடி வர வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. என்ன விஷயம் என்று அங்கேயே தெரிந்துவிடும். "சிலிண்டர மூடு, சன்னலத் திற" என்று அங்கிருந்தே கத்துவார். போதும். அது போன் இல்லாமலேயே பாதி கேட்கும்.

இப்போது அந்த வின்ச் இல்லை. கரையிலேயே பெரிய கிரேன் வந்துவிட்டது. மூட்டையும் இல்லை, எல்லாம் கன்டெய்னர் பெட்டி. பெட்டியை எண்ணச் சமீர் பாபு எதற்கு? அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு பாராசாத் பக்கம் போய்விட்டார். பிஸ்கட் டின் என்ன ஆயிற்று என்று தெரியாது. ஏடிஎம்முக்குக் காவல்காரரை நிறுத்திவிட்டுக் கேமரா வைத்தார்கள். கேமரா தண்ணீர் கொடுக்காது. நாய் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வரவில்லை. கிரைண்டர் இருக்கிறது. கல்லை மூன்று தடவை கொத்தியாயிற்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வாங்கினேன். சந்தில் மாவுக் கடை வைத்திருக்கிறேன். யாரும் ரொக்கம் கொடுப்பதில்லை. போனைக் காட்டுகிறார்கள். கடையில் இருக்கிற சின்னப் பெட்டி எவ்வளவு வந்தது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறது. அவ்வளவு பாடுபட்டுச் சமீர் பாபுவின் வாயிலிருந்து எடுத்ததை நானே காசு கொடுத்து வாங்கிக் கடை வாசலில் வைத்திருக்கிறேன். அதற்கு இஞ்ச் கணக்குத் தெரியாது. அது ஒரு குறைதான்.

என் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்றுவிட்டார். முட்டி வலி. கடை வாசலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நேற்று ஏடிஎம்மை லாரியில் ஏற்றுவதைச் சொன்னேன்.

"நெசமாவா? எடுத்துட்டுப் போயிட்டானா?" என்றார். எழுந்து பார்க்கலாமா என்று முட்டியில் கை வைத்தார். பிறகு எழவில்லை. "அன்னிக்கு மழையில எதுக்குளா எடுத்த? இன்னும் சொல்லல நீ" என்றார்.

"டீ போட்டேன்னு சொன்னேனே."

"அதான். எதுக்கு எடுத்த?"

நான் மாவை அளந்துகொண்டிருந்தேன்.

மஞ்சள் ஹெல்மெட்டோடு லாரிகளுக்கு நடுவில் புகுந்து ஓடி வரும்போது அவர் நன்றாக இருப்பார். அதைப் பார்க்க நூறு ரூபாய் போதும். மறுநாள் அதுவும் திரும்பக் கணக்குக்குப் போய்விடும்.